ஃபேனி லூ ஹேமரும் பண்ணையின் தூக்குக்கோலும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ஃபேனி லூ ஹேமரின் பெயர் எங்கே வந்தாலும் அது 1964ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் அளித்த சாட்சியத்தோடு முடிந்துவிடுகிறது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு பருத்திப் பண்ணைத் தொழிலாளி எப்படி ஒரு பெரும் இயக்கத்தின் தலைவரானார், அந்தச் சாட்சியத்தைத் தவிர அவர் செய்ததுதான் என்ன என்பது கேள்வி. அந்தச் சாட்சியம் நீடித்தது சுமார் எட்டு நிமிடங்கள். அதில் அவர் பேசியதற்கு 46 ஆண்டு வாழ்க்கை பின்னால் இருந்தது. அதற்குப் பிறகு அவர் செய்தவற்றுக்கு அந்த எட்டு நிமிடங்களில் இடமே இல்லை. ஆகவே அவருடைய பேச்சை விட்டுவிட்டு அவருடைய வேலையிலிருந்து தொடங்குகிறேன். ஹேமர் பண்ணைக் கணக்கு எழுதியவர். தம் மக்களை ஏழ்மையில் வைத்திருந்தது எது என்பதை அவர் மேடைகளில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தக் கணக்கேட்டிலிருந்தே தெரிந்துகொண்டார்.

1917 அக்டோபர் 6 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் மான்ட்கோமரி மாவட்டத்தில், வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தரும் ஏற்பாட்டில், பிறர் நிலத்தைப் பயிரிட்டு வாழ்ந்த ஒரு கறுப்பினக் குடும்பத்தில் இருபதாவது குழந்தையாக அவர் பிறந்தார். அவருக்கு இரண்டு வயதாகும்போது குடும்பம் டெல்டா பகுதியில் உள்ள சன்ஃபிளவர் மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆறு வயதில், சாலையோரம் விளையாடிக்கொண்டிருந்த அவரிடம் பண்ணை முதலாளி வந்து, ஒரு வாரத்தில் 30 பவுண்டு பருத்தி எடுத்தால் பண்ணைக் கடையிலிருந்து தின்பண்டங்கள் வாங்கிக்கொள்ளலாம் என்றார். குழந்தை எடுத்தது, தின்பண்டமும் கிடைத்தது. அடுத்த வாரம் 60 பவுண்டு எடுக்க வேண்டியதாயிற்று. அந்த முதலாளி தம்மைக் கடனில் சிக்கவைத்த விதத்தை ஹேமர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். பதின்மூன்று வயதுக்குள், இளம்பிள்ளைவாதத்தால் தாங்கலான காலோடு, நாளொன்றுக்கு 200 முதல் 300 பவுண்டு வரை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் இருந்தது என்றாலும், பருத்தி வேலை இல்லாத குளிர் மாதங்களில்தான் இவர்களைப் போன்ற பிள்ளைகளால் அங்கே போக முடிந்தது.

வார முறையில் விளைச்சலில் பாதி முதலாளிக்கு. மீதிப் பாதியிலிருந்து விதை, உரம், பண்ணைக் கடையில் வாங்கிய மாவு, துணி, மருந்து என எல்லாக் கடனும் கழிக்கப்படும். கழிப்பவரும் கணக்கு எழுதுபவரும் முதலாளியே. ஆண்டு முடிவில் கையில் ஏதாவது நின்றால் அது அதிசயம். ஹேமரின் தந்தைக்கு ஒருமுறை அந்த அதிசயம் வாய்த்தது. பணம் மிச்சப்பட்டதும் அவர் கோவேறு கழுதைகளும் மாடுகளும் ஒரு வண்டியும் உழவுக் கருவிகளும் வாங்கினார். அதைப் பொறுக்காத வெள்ளையர் ஒருவர் ஓரிரவில் தீவனத் தொட்டியில் பாரிஸ் கிரீன் என்னும் பூச்சிக்கொல்லியைக் கலந்துவிட, கால்நடைகள் வயிறு ஊதிச் செத்தன. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு தலையெடுக்கவே இல்லை.

1944இல் பெரி ஹேமரை மணந்த ஃபேனி லூ, ரூல்வில் ஊருக்கு அருகிலிருந்த ஒரு பண்ணையில் 18 ஆண்டுகள் உழைத்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் ஆள் கணக்கும் எடைக் கணக்கும் எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. பருத்தி மூட்டையைத் தொங்கவிட்டு, கோலின் மறுபுறம் ஒரு குண்டை நகர்த்தி எடை பார்க்கும் தூக்குக்கோல் அங்கே புழக்கத்தில் இருந்தது. குண்டு அளவுக்கு மீறிக் கனமாக இருந்தால் கோல் முன்னதாகவே சமநிலைக்கு வந்துவிடும். எடுத்த பருத்தி குறைவாகக் காட்டும். அந்தப் பண்ணையின் குண்டு அப்படித்தான் இருந்தது. ஹேமர் சரியான எடையுள்ள வேறொரு குண்டைத் தம்மோடு வயலுக்கு எடுத்துச் செல்வார். முதலாளி கண்ணில் படாதவரை அதை மாட்டி நிறுப்பார். தொலைவில் அவர் தலை தெரிந்ததும் பழைய குண்டை மாட்டிவிடுவார். ஓர் இயக்கத்தின் பெயரும் கேள்விப்படாத காலத்தில், தம் கைக்கு எட்டிய தூரத்தில் அவர் செய்த நியாயம் இது. ஹேமரின் பிற்கால அரசியலுக்கு உரிய எல்லாமும் இந்தச் செயலுக்குள் இருப்பதாகவே நான் கருதுகிறேன். அளக்கும் கருவி யார் கையில் இருக்கிறது என்பதே அவர் கடைசிவரை கேட்ட கேள்வி.

1961இல் கருப்பைக் கட்டி ஒன்றை அகற்றுவதற்காக அவர் மருத்துவமனையில் சேர்ந்தார். கட்டியோடு கருப்பையையும், அவரிடம் கேட்காமலும் சொல்லாமலும், மருத்துவர் எடுத்துவிட்டார். தமக்கு நடந்ததை அவர் அறிந்தது மருத்துவரிடமிருந்து அல்ல. முதலாளி வீட்டுச் சமையலறை வழியாகக் கசிந்த பேச்சிலிருந்துதான். மருத்துவரிடம் போய்க் கேட்டார். அவரிடம் பதில் இல்லை. வழக்குத் தொடுப்பது என்பது அந்த ஊரில், அந்த ஆண்டில், தம் சாவுச்சீட்டில் தாமே கையெழுத்திடுவதற்குச் சமம். ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இது பரவலாக நடந்ததால் ‘மிசிசிப்பி அப்பெண்டிக்ஸ் அறுவை’ என்றே அதற்கு ஒரு பெயர் வழங்கிற்று. தம் ஊர் மருத்துவமனைக்குப் போகும் கறுப்பினப் பெண்கள் 10 பேரில் 6 பேருக்குக் கருத்தடை செய்யப்படுவதாக 1964இல் வாஷிங்டனில் அவர் வெளிப்படையாகக் கூறினார். சொந்த உடலுக்கு நேர்ந்ததைப் பொதுவெளியில் சொல்வதற்கு அந்நாளில் எத்தனை துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1962 ஆகஸ்ட் மாதத்தில் ரூல்வில்லில் உள்ள வில்லியம்ஸ் சேப்பல் தேவாலயத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபோர்மனும், மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பைச் சேர்ந்த ஜேம்ஸ் பெவலும் அதில் பேசினர். கறுப்பின மக்களுக்கும் வாக்குரிமை உண்டு, வாக்கினால் தீய அதிகாரிகளை நீக்க முடியும் என்பதை அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டதாக ஹேமர் சொல்கிறார். அவருக்கு அப்போது வயது 44. வாக்காளராகப் பதிவு செய்ய யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது அவர் கையுயர்த்தினார்.

ஆகஸ்ட் 31 அன்று 18 பேர், பருவ காலத்தில் வயலுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பழைய பேருந்து ஒன்றில், 26 மைல் தொலைவிலிருந்த இண்டியனோலாவுக்குச் சென்றனர். பதிவு முறையைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் அநீதி முழுவதும் அதன் நுணுக்கத்தில்தான் இருந்தது. விண்ணப்பத்தில் எங்கே குடியிருக்கிறீர்கள், யாரிடம் வேலை செய்கிறீர்கள் என்ற கேள்விகள் இருக்கும். விண்ணப்பித்தவர்களின் பெயர்கள் உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியிடப்படும். ஆகவே யாரை வேலையிலிருந்து நீக்குவது, யார் வீட்டின் மீது சுடுவது என்பதற்கான முகவரிப் பட்டியலை அரசே தயாரித்துக் கொடுத்தது போலாயிற்று. அதன்பின் மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஏதாவதொரு பிரிவைப் படித்து, எழுதி, பதிவு அலுவலர் நிறைவடையும்படி விளக்க வேண்டும். எந்தப் பிரிவைக் கொடுப்பது என்பதும், விளக்கம் சரியா என்பதும் அவர் ஒருவரின் விருப்பம். தூக்குக்கோலின் எடைக்குண்டைப் போல, இங்கேயும் அளவுகோல் மேலிருப்பவரின் கையில்தான். ஹேமருக்குச் சட்டம் படித்தவர்களே தடுமாறக்கூடிய பிரிவு ஒன்று கிடைத்தது. குதிரைக்குக் கிறிஸ்துமஸைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தமக்கும் அதைப் பற்றித் தெரிந்திருந்தது என்று பின்னாளில் அவர் சொன்னார். தேர்வில் தோற்றார்.

திரும்பும் வழியில் காவலர்கள் பேருந்தை மறித்தனர். பேருந்தின் நிறம் பள்ளிப் பேருந்தைப் போலிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. ஓட்டுநருக்கு 100 டாலர் அபராதம். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து திரட்டியும் 30 டாலருக்கு மேல் தேறவில்லை. அதை வாங்கிக்கொண்டு விட்டார்கள். பயத்தில் உறைந்திருந்த அந்தப் பேருந்தில் ஒரு குரல் தேவாலயப் பாடலைத் தொடங்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டனர். அந்தக் குரல் ஹேமருடையது. இயக்கத்தின் இளைஞர்கள் அவரைத் தலைவராக அடையாளம் கண்டது அந்தப் பயணத்திலிருந்துதான்.

அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி பண்ணைக்கு வந்துவிட்டிருந்தது. பதிவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும், இல்லாவிட்டால் வெளியேற வேண்டும் என்றார் முதலாளி. “உங்களுக்காக நான் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன்” என்பது ஹேமரின் பதில். அன்றிரவே 18 ஆண்டு உழைப்பை விட்டு வெளியேற நேர்ந்தது. கணவர் அறுவடை முடியும்வரை பண்ணையிலேயே இருக்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 10 அன்று அவர் அடைக்கலம் புகுந்திருந்த வீட்டின் மீது 16 துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. டிசம்பரில் அவர் மறுபடியும் இண்டியனோலாவுக்குப் போய், தேறும்வரை 30 நாளுக்கு ஒருமுறை வருவேன் என்று பதிவு அலுவலரிடமே சொன்னார். 1963 ஜனவரியில் தேறினார். அதன் பிறகும் வாக்களிக்க முடியவில்லை. வாக்களிப்பதற்கென்று ஒவ்வொருவரும் கட்ட வேண்டியிருந்த தலைவரியை இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டிய ரசீது வேண்டும் என்றார்கள்.

1963 ஜூன் 9 அன்று, தென் கரோலினாவில் நடந்த பயிற்சி முகாமிலிருந்து திரும்பும் வழியில், வினோனா என்ற ஊரின் பேருந்து நிலையத்தில் உணவகத்தின் வெள்ளையர் பகுதிக்குச் சென்ற தோழர்களைக் காவலர்கள் கைது செய்தனர். என்ன நடக்கிறது என்று பேருந்திலிருந்து இறங்கிப் பார்த்த ஹேமரையும் பிடித்தனர். சிறையில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கறுப்பினக் கைதிகள் இருவரைக் கொண்டே, முதலாமவர் களைத்தபின் இரண்டாமவர் என்று மாற்றி மாற்றி, ஈயம் பொதிந்த தோல் தடியால் அடிக்கச் செய்தார்கள். அடியில் விலகிய ஆடையை அவர் இழுத்துவிட, அங்கிருந்த வெள்ளையர் ஒருவர் அதை மேலே தூக்கினார். சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டது. ஒரு கண்ணில் இரத்தம் கட்டிப் பார்வை மங்கியது. உடனிருந்தவர்களில் 15 வயதுச் சிறுமியும் ஒருவர், அவரும் தப்பவில்லை. ஜூன் 12 அன்று அவர்கள் வெளியே வந்தபோது, அதே நாள் அதிகாலையில் ஜாக்சன் நகரில் மிசிசிப்பியின் கறுப்பின உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். வினோனா வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகள் அனைவரையும் முழுதும் வெள்ளையர்களான ஜூரிகள் அந்த ஆண்டு டிசம்பரில் விடுவித்தனர்.

இனி அந்தச் சாட்சியத்துக்கு வரலாம். மிசிசிப்பியின் ஜனநாயகக் கட்சி கறுப்பின மக்களை முற்றிலும் விலக்கி வைத்திருந்ததால், 1964 ஏப்ரலில் எல்லோருக்கும் திறந்த மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி உருவாயிற்று. அது கட்சி விதிகளின்படியே கூட்டங்கள் நடத்தித் தேர்ந்தெடுத்த 68 பிரதிநிதிகள், அட்லாண்டிக் சிட்டியில் நடந்த தேசிய மாநாட்டுக்குச் சென்று, மாநிலத்தின் இடங்கள் தங்களுக்கே உரியவை என்று வாதிட்டனர். ஆகஸ்ட் 22 அன்று பிரதிநிதிகளின் தகுதியைச் சரிபார்க்கும் குழுவின் முன் ஹேமர் பேசினார். தம் பெயரைச் சொல்லி, தெருவின் பெயரோடும் கதவிலக்கத்தோடும் ரூல்வில் வீட்டு முகவரியைச் சொல்லி, அது செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் மாவட்டம் என்பதையும் சொல்லித்தான் அவர் தொடங்குகிறார். முகவரி வெளியே தெரிந்ததற்காக வீட்டின் மீது குண்டு பாய்ந்ததைக் கண்டவர் அவர். ஈஸ்ட்லண்டோ அதே சன்ஃபிளவர் மாவட்டத்தில் பெரும் பருத்திப் பண்ணை வைத்திருந்தவர், செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர். இவற்றையெல்லாம் மனத்தில் வைத்து அந்த முதல் வாக்கியத்தைக் கேட்டால்தான் அதன் கனம் புரியும்.

கையில் குறிப்பில்லாமல் இண்டியனோலாவையும் வினோனாவையும் அவர் விவரித்துக்கொண்டிருக்கும்போதே, குடியரசுத் தலைவர் ஜான்சன் அவசரமாக ஒரு செய்தியாளர் சந்திப்பைக் கூட்ட, தொலைக்காட்சிகள் அங்கே திரும்பின. தெற்கத்திய வெள்ளையர்களின் வாக்கை இழந்துவிடுவோம் என்ற அச்சம் அவருக்கு. ஆனால் அன்று மாலைச் செய்திகளில் அந்தச் சாட்சியம் ஒளிபரப்பாகி, பகலில் பார்த்திருக்கக்கூடியவர்களைவிடப் பலமடங்கு பேரைச் சென்றடைந்தது. வாழ்வதற்கும் வாக்களிப்பதற்கும் உயிரைப் பணயம் வைக்க வேண்டிய இந்த நாடுதான் சுதந்திர நாடா என்ற அவர் கேள்வி வீட்டுக் கூடங்களுக்குள் நுழைந்தது.

கட்சித் தலைமை முன்வைத்த சமரசம், 68 பேருக்கு இரண்டு இடங்கள் என்பது. அந்த இருவர் யார் என்பதையும் தலைமையே முடிவு செய்தது: ஒரு மருந்தாளுநர், ஒரு கல்லூரிப் போதகர். இருவரும் நேர்மையான போராளிகளே. ஆனால் பருத்தி வயலிலிருந்து வந்தவர் ஒருவரும் அதில் இல்லை. பேயார்ட் ரஸ்டின் போன்ற, உரிமை இயக்கத்தின் அனுபவசாலிகள் ஏற்கச் சொன்னார்கள். இனிமேல் இனப்பாகுபாட்டோடு தேர்ந்தெடுக்கப்படும் குழுக்களை மாநாட்டில் அனுமதிப்பதில்லை என்ற வாக்குறுதி அந்தச் சமரசத்தில் இருந்தது என்பதால், அவர்கள் சொன்னதைக் கோழைத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆயினும் “இரண்டு இடங்களுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்ற ஹேமரின் கேள்வியே என் பார்வையில் நியாயமானது. யார் பிரதிநிதி என்பதை மேலிருப்பவர் தீர்மானிக்கும் முறையை எதிர்த்துத்தான் அந்தக் கட்சியே பிறந்திருந்தது. பிரதிநிதிகள் சமரசத்தை நிராகரித்தார்கள். 1968இல் சிக்காகோ மாநாட்டில் ஹேமர் முறைப்படியான பிரதிநிதியாக இருக்கையில் அமர்ந்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கினி நாட்டுக்குப் போய்வந்தார்; நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டார்; நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் இருந்த மேடையில் பேசினார். இவற்றைவிட முக்கியமாக எனக்குப் படுவது இரண்டு சட்டப் போராட்டங்கள். மிசிசிப்பியின் நாடாளுமன்ற உறுப்பினர்களின் தேர்வே செல்லாது என்று ஹேமரும் ஆனி டிவைனும் விக்டோரியா கிரேயும் தொடுத்த முறையீட்டை 1965 செப்டம்பர் 17 அன்று பிரதிநிதிகள் சபை 228க்கு 143 என்ற வாக்கில் தள்ளுபடி செய்தது. தோல்விதான், ஆனால் 143 பேர் அவர்கள் பக்கம் நின்றார்கள். இரண்டாவது, பதிவு அலுவலரை எதிர்த்து ஹேமர் தொடுத்த வழக்கு. கறுப்பின மக்களுக்குப் பதிவு செய்யப் போதிய கால அவகாசம் தராமல் நடத்தப்பட்ட சன்ஃபிளவர் நகரத் தேர்தல் செல்லாது என்று 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த அலுவலரின் மேசை முன் தோற்றுத் திரும்பினாரோ, அதே அலுவலரை எதிர்த்து வென்றார். 1965 ஆகஸ்டில் வந்த வாக்குரிமைச் சட்டத்தால், 6.7 விழுக்காடாக இருந்த மிசிசிப்பிக் கறுப்பின வாக்காளர் பதிவு இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடாக உயர்ந்தது.

பலர் அவர் வரலாற்றை இங்கேயே முடித்துவிடுவார்கள். ஹேமருக்கோ வேலை இங்கேதான் கடினமாயிற்று. பருத்தி எடுக்க இயந்திரங்களும் களையெடுக்க இரசாயனங்களும் வந்துவிட்டதால் டெல்டாவில் கூலியாட்களின் தேவையே குறைந்துகொண்டிருந்தது. வாக்களிக்கத் துணிந்தவரை வீட்டைவிட்டுத் துரத்தவும் பட்டினி போடவும் முதலாளியால் முடியும் வரை, வாக்குரிமை காகிதத்தில்தான் இருக்கும் என்று அவர் கண்டார். 1969இல் 40 ஏக்கரோடு சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். அது சுமார் 680 ஏக்கர் வரை வளர்ந்தது. காய்கறியும் பயறும் குடும்பங்களுக்கு. கடனடைக்கப் பருத்தியும் சோயாவும் சந்தைக்கு. மாதச் சந்தா ஒரு டாலர். அதையும் தவறாமல் கட்ட முடிந்தவை சுமார் 30 குடும்பங்களே, ஆனால் கட்ட முடியாதவர்களுக்கும் விளைச்சலில் பங்கு இருந்தது.

கூட்டுறவோடு சேர்ந்து, நீக்ரோ பெண்களின் தேசியப் பேரவை உதவியோடு ஒரு ‘பன்றி வங்கி’ இயங்கியது. சினைப்பன்றி ஒன்று குடும்பத்துக்குக் கொடுக்கப்படும். ஈன்ற குட்டிகளில் இரண்டை அந்தக் குடும்பம் வங்கிக்குத் திருப்பித் தர, அவை வேறு குடும்பங்களுக்குப் போகும். வட்டியும் கடையும் கணக்கேடும் இல்லாத கடன் அது. 30 பவுண்டு பருத்திக்குத் தின்பண்டம் கொடுத்து ஆறு வயதுக் குழந்தையைக் கடனில் இறக்கிய ஏற்பாட்டுக்கு நேரெதிரானதை அவர் கட்டிப் பார்த்தார் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

கூட்டுறவு நிலைக்கவில்லை. வறட்சியும் வெள்ளமும் அடுத்தடுத்துப் பயிரை அழித்தன, நன்கொடைகள் வற்றின, நிர்வாகத்திலும் குறைகள் இருந்தன. வந்து கேட்டவர்களுக்கெல்லாம் உணவும் வீட்டுக்கு முன்பணமும் கொடுத்த அமைப்பு நிலத் தவணையைக் கட்ட முடியாமல் திணறியது. எழுபதுகளின் நடுவில் நிலத்தின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. ஹேமரின் உடலும் அதே ஆண்டுகளில் தளர்ந்தது. வினோனாவில் கெட்ட சிறுநீரகம், உயர் இரத்த அழுத்தம், பிறகு மார்பகப் புற்றுநோய்.

1977 மார்ச் 14 அன்று, மவுண்ட் பேயூ ஊரின் மருத்துவமனையில், 59ஆம் வயதில் அவர் இறந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவர் கையுயர்த்திய அதே வில்லியம்ஸ் சேப்பலில் இறுதி ஆராதனை நடந்தது. அப்போது ஐக்கிய நாடுகள் அவையில் அமெரிக்கத் தூதராக இருந்த ஆண்ட்ரூ யங் அங்கே பேசினார். ரூல்வில்லில், அந்தக் கூட்டுறவு வாங்கிய நிலத்தில் மிஞ்சியிருந்த ஒரு துண்டில் அவரை அடக்கம் செய்தார்கள்.